களம்பூரில் மடிநாய் வேட்டைக்கு உதவுமா?

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்னும் நாய் இனம் ஐந்தரை முதல் எட்டுக் கிலோ வரை எடையும் ஓர் அடியை ஒட்டிய உயரமும் கொண்டது. 2022-இல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு ஜிஎஸ்டி வந்தபின் மில்காரர்கள் 26 கிலோவாகக் கட்டத் தொடங்கிய சிப்பம் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கேவலியர் மூன்றும், மீதி இரண்டு கிலோவுக்கு ஒரு முயலும் வைக்க வேண்டும். அந்த முயலை அந்த மூன்று நாய்களில் ஏதாவது ஒன்று பிடித்துத் தருமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

முதலில் நாயின் அங்க அடையாளங்கள். காதுகள் தாடைக்குக் கீழே தொங்கும். கண்கள் பெரியவை, உருண்டவை, எந்நேரமும் எதற்கோ மன்னிப்புக் கேட்பவை. உடலெங்கும் நீண்ட மென்மையான முடி. பட்டு நெய்யும் ஆரணிக்காரர்கள் இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து டெனியர் சொல்லிவிடக்கூடிய தரம். நிறங்கள் நான்கு: வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு, மூவண்ணம், முழுச் செம்பழுப்பு, கறுப்பில் பழுப்பு. நாய்களை வகை பிரிக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு வேட்டைக்கான காக்கர் ஸ்பேனியலையும் ஸ்பிரிங்கர் ஸ்பேனியலையும் எட்டாம் பிரிவில் வைத்திருக்கிறது. கேவலியரை ஒன்பதாம் பிரிவில், அதாவது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கான துணைநாய்களின் பிரிவில் வைத்திருக்கிறது. பெயரில் ஸ்பேனியல் இருக்கிறது, வேலை வேறாக இருக்கிறது. ஆரணிக்குப் பக்கத்து ஊரான களம்பூரில் இதைப் பார்த்து யாரும் வியப்படைய மாட்டார்கள். ஆரணி ரோடு ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில்தான் இருக்கிறது.

இந்த நாய் வேட்டைக்கு ஆகுமா என்று கேட்பதற்கு முன் எந்த வேட்டை என்று கேட்க வேண்டும். பட்டுச் சேலையில் சாயம் போடுகிறவர், பாவு போடுகிறவர், தறியில் உட்காருகிறவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் தலையில் கட்டினால் சேலை வராது. வேட்டை நாய்களும் அப்படித்தான். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை. தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் காட்டுப்பன்றிக்கு முன்னால் முறைத்து நிற்பது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறக்குமதி செய்த நரிவேட்டை நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து மோப்பம் பிடித்துக் குள்ளநரியைத் துரத்தியவை. பின்னால் குதிரையில் துரைமார்கள் துரத்தினார்கள்.

ஸ்பேனியலின் வேலை இவை எதுவுமில்லை. துப்பாக்கிக்காரருக்கு முன்னால், துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து புதரை மோப்பம் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பதுங்கியிருக்கும் பறவையை விரட்டி மேலே எழுப்ப வேண்டும். பறவை எழும்பிய கணமே நாய் உட்கார்ந்துவிட வேண்டும். சுட்டதும் ஓடக் கூடாது; சொன்ன பிறகு ஓடி, விழுந்ததைப் பல் படாமல் வாயில் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் நடக்கும் களப் போட்டிகளில் எழும்பிய பறவையின் பின்னால் ஓடும் ஸ்பேனியலை அந்த இடத்திலேயே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதாவது தானாக எதையும் பிடிக்காமல் இருப்பதே இந்த உத்தியோகத்தின் முதல் விதி. நாயின் பங்கு பாதிதான். மறு பாதி துப்பாக்கியுடையது. களம்பூர் வட்டாரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் எண்ணிக்கை சொற்பம். அதுவும் தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். நம் ஊரில் தேர்தல் அடிக்கடி வரும்.

கேவலியரின் வரலாறு வேட்டைக்கும் மடிக்கும் இடையே அலைந்த வரலாறு. 1570-இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர் இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வேட்டைக்குப் போகும் ஸ்பேனியல்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, சீமாட்டிகள் மார்போடு அணைத்துக்கொள்ளும் குட்டி ஸ்பேனியலைத் தனியே பிரித்தார். அவருக்கு அந்த நாயின் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் வயிற்று வலிக்காரர் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால் சூட்டில் வலி குறையும் என்று தொழில்முறையில் ஒப்புக்கொண்டார். ஆக, 450 ஆண்டுகளுக்கு முன்பே இதன் உத்தியோகம் ஒத்தடம்.

1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் இந்தக் குட்டி ஸ்பேனியல்களைக் கூட்டமாக வளர்த்தார்; இனத்தின் பெயர் அவரிடமிருந்து வந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் அலுவலைக் கவனிக்காமல் மன்னர் நாயோடு விளையாடிக்கொண்டே இருந்தார் என்று சாமுவேல் பீப்ஸ் 1667-இல் தம் நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதி வைத்தார். கூட்டத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மன்னரின் வழி வந்தவர்கள் என்று கொள்ளலாம்.

வேட்டைப் பக்கம் சாட்சி சொல்ல வருபவர் முதலாம் மார்ல்பரோ பிரபு ஜான் சர்ச்சில். அவர் வளர்த்த செம்பழுப்பு வெள்ளை ஸ்பேனியல்கள் வேட்டைக்கும் போயின. பெருநடையில் போகும் குதிரைக்கு ஈடுகொடுத்து ஓடக்கூடியவை என்று அவரே சொன்னதாக இனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். தம் நாயைப் பற்றிப் பிரபு சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் காலத்து நாய்க்கு மூக்கு நீளம், கால் உயரம், மூச்சு தாராளம். 1704-இல் அவர் பிளென்ஹைம் போரில் வென்றார். போர்ச் செய்திக்குக் காத்திருந்த அவர் மனைவி சாரா கவலையில் மடியிலிருந்த நாயின் உச்சந்தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்ததாகவும், பிறகு அது ஈன்ற குட்டிகளின் நெற்றியில் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புப் பொட்டு இருந்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்த நிறத்துக்கு இன்றும் பிளென்ஹைம் என்றே பெயர். ஆரணியிலும் ஒரு போர் நடந்தது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், ராசா சாகிபின் படையையும் அதற்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். அதன் பெயரில் நாய் எதுவும் இல்லை. யாரும் யார் தலையையும் அழுத்தவில்லை போலும்.

பிறகு மூக்குக்கு ஆபத்து வந்தது. விக்டோரியா அரசி இளவரசியாக இருந்தபோதே டேஷ் என்ற கிங் சார்லஸ் ஸ்பேனியலை வளர்த்தார். 1838 ஜூன் 28-இல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று டேஷைக் குளிப்பாட்டியது. அந்த நூற்றாண்டில் சப்பை மூக்கு நாய்கள் மேல் மோகம் ஏறியது. ஸ்பேனியலின் முகத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை குறுக்கி, நெற்றியை உருட்டி, மூக்கைக் கண்ணுக்கு நடுவில் கொண்டுபோய் ஒட்டினார்கள். மோப்பமே மூலதனமான ஒரு நாயிடம் மூக்கைப் பிடுங்கிக்கொண்டால் கையில் மிஞ்சுவது முடி மட்டும்தான்.

1926-இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் சார்லஸ் மன்னரின் காலடியில் கிடக்கும் நீள மூக்கு நாயைத் தேடி இங்கிலாந்துக்கு வந்தார். கண்ட இடமெல்லாம் சப்பை மூக்கு. கடுப்பாகி, க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பழைய மாதிரி நாய் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அன்றைக்கு அது நல்ல தொகை. மூக்குகள் நீளத் தொடங்கின. 1928-இல் ஆன்ஸ் சன் என்ற நாயை மாதிரியாக வைத்து இனத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். 1945-இல் கேவலியருக்குத் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது. ஓவியத்தைப் பார்த்து மூக்கைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் வேட்டைத் திறமையைத் திரும்பக் கொண்டுவர முயலவில்லை. ஓவியத்தில் அது தெரியாது. அழகும் சாதுவான குணமும் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். இன்றுள்ள கேவலியர் எல்லாம் அந்தப் பரிசுத் தொகையின் வாரிசுகள்.

இப்படிப்பட்ட நாய் ஒன்றை, சம்பா அறுவடை முடிந்த தை மாதக் காலையில் களம்பூர் வெளிவயலில் அவிழ்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் சில நிமிடங்கள் பார்ப்பவரை அசத்திவிடும். மூக்கு தரையைத் தொடும். வால் வேகமாக ஆடத் தொடங்கும். அறுத்த தாளடிகளுக்கு நடுவே இடம் வலம் இடம் வலம் என்று வளைந்து வளைந்து போகும். யாரும் சொல்லித் தரவில்லை. மடியில் கழிந்த தலைமுறைகளால் அழிக்க முடியாமல் ரத்தத்தில் தங்கிவிட்ட வித்தை அது. வரப்போரப் புதரில் கௌதாரி ஒன்று பதுங்கியிருந்தால் கேவலியர் அதைக் கண்டுபிடிக்கும். இதில் சந்தேகம் வேண்டாம். கௌதாரி சடசடவென்று இறக்கையடித்து எழும்பும். நாய் அதிர்ச்சியில் அப்படியே உட்கார்ந்துவிடும். விதிப்படி உட்கார வேண்டிய இடமும் அதுவே என்பதால், பயிற்சி பெற்ற நாய்க்கும் பயந்த நாய்க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கௌதாரி போன திசையை மறந்துவிட்டு நாய் தட்டாம்பூச்சியைப் பார்க்கும். கேவலியர் வளர்ப்பவர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் பலவீனம் இது: அசைவதெல்லாம் அதற்கு வேட்டை, பட்டாம்பூச்சி, காய்ந்த இலை, தூரத்தில் போகும் மோட்டார் சைக்கிள் வரை. கூப்பிட்டால் வரும். ஆனால் தட்டாம்பூச்சி முடிந்த பிறகு வரும். வரும்போது தனியாக வராது. வரப்பிலிருந்த நாயுருவி முழுவதையும் இரண்டு காதிலும் ஏற்றிக்கொண்டு வரும். கால் முடியில் நெருஞ்சி, வாலில் ஒட்டுப்புல், வயிற்றில் சேறு, விரலிடுக்கில் உண்ணி. சிப்பிப்பாறையின் உடம்பில் ஒட்டுவதற்கு எதுவுமில்லை, உதறினால் முடிந்தது. கேவலியர் ஒரு மணி நேரம் வயலுக்குப் போய்வந்தால் சீப்பும் கத்தரிக்கோலும் தேங்காய் எண்ணெயுமாக இரண்டு பேர் உட்கார வேண்டும். நாய் பிடித்துக்கொண்டு வந்த வேட்டை, எண்ணிக்கையில், முள்தான் அதிகம்.

வரப்பில் போகிறவர்களின் கருத்தும் கணக்கில் சேர வேண்டியது. வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் முடி நிறைந்த சின்ன நாய் எதுவானாலும் அது பொமரேனியன். உரையாடல் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகும்:

"இன்னாண்ணா இது, பொமரேனியனா?"

"இல்லப்பா, ஸ்பேனியல். ராஜா வளர்த்த நாய். வேட்டைப் பரம்பரை."

"இதுவா? எங்க வூட்டுச் சேவல் தொரத்துனா ஓடிப்பூடும் போலக் கீதே!"

அறிவியல் முறைப்படி இதை நோட்டுப் போட்டு எழுதிவைக்கத் தேவையில்லை. ஆனால் சேவலுடன் நடத்தப்படும் சோதனையின் முடிவு பெரும்பாலும் சேவலுக்கே சாதகமாக இருக்கும்.

வயலில் கேவலியருக்கு உண்மையான ஆபத்து வேறு. புதரில் மூக்கை நுழைத்து உள்ளே இருப்பதைக் கிளப்புவது இதன் பிறவிக்குணம். இங்கிலாந்துப் புதரில் கிளம்புவது காட்டுக்கோழி. இங்கே வைக்கோல் போருக்கு அடியிலும் வரப்பு வளையிலும் கிளம்புவது கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம். ஊர் நாய்க்கு எட்ட நின்று குரைக்கத் தெரியும். கேவலியர் உலகில் எல்லாரையும் நண்பராகக் கருதுவது. போய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நாயின் தகுதிக்கு, களம்பூர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் அளவுகோல் ஏற்கெனவே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டுக்குரியது. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது. ஊரார் வீரனோடு நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி, அது செய்த வேலையையும் எழுதினார்கள். கோவிவனின் எடை, உயரம், நிறம் கல்வெட்டில் இல்லை. க்ரஃப்ட்ஸ் கண்காட்சிக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கோவிவனின் பரம்பரை என்று உரிமை கொண்டாட ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை எல்லாவற்றுக்கும் வாய் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் தலையும் வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய் இனங்களைப் பெருக்கும் பிரிவு நடத்தியதும் உண்டு. கேவலியர் கோவிவன் இடத்தில் இருந்திருந்தால் கள்ளர்களும் அதைத் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள். மாடும் போயிருக்கும், நாயும் போயிருக்கும்.

இனி சட்டம். நாய் எவ்வளவு திறமைசாலி என்பதெல்லாம் இந்தியாவில் இரண்டாவது கேள்வி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை; பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் வேட்டைதான். முயலைப் பிடிக்க முயல்வதும் அதில் சேரும். 1991-இல் வந்த திருத்தம் அதன் முதல் நான்கு அட்டவணைகளிலுள்ள காட்டு விலங்கு, பறவை எதையும் பொழுதுபோக்குக்காக வேட்டையாட வழியில்லாமல் கதவை மூடிவிட்டது. முயல், கௌதாரி, காடை எல்லாம் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். மயில் முதலாம் அட்டவணையில் இருக்கிறது; இப்போது வயலில் கோழியைவிடச் சகஜமாக மேய்வதும் அதுதான்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு பிறக்கிறது. கன்னி நாய் முயலைத் துரத்தித் தவறவிட்டால்கூட அதை ஏவியவர் சட்டத்தின் முன் வேட்டைக்காரர். ஸ்பேனியலின் முழு வேலையுமே விரட்டி எழுப்புவதுதான். அதை ஏவிவிட்டு, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் உரிமையாளர் மேல் வழக்கு. தட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றால் வழக்கு இல்லை. திறமையின்மைக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள தொழில்கள் நாட்டில் சில உண்டு. இது அவற்றில் ஒன்று.

காட்டு விலங்கு போனால் எலி இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் எலியைத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் தள்ளி வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. மில்லில் நெல் தின்னும் எலிக்காக யாரும் வக்காலத்து வாங்கவில்லை. நெல் மூட்டையும் தவிடும் உமியும் குவிந்த ஊர் களம்பூர். சென்னையில் அரிசிக் கடைப் பலகைகளில் ஆரணி, களம்பூர் என்ற பெயர்களைப் படிக்காதவர் குறைவு. அரிசி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பெருச்சாளியும் வரும். ஆகவே கேவலியரை ரைஸ்மில்லில் உத்தியோகத்தில் அமர்த்தினால் என்ன?

எலி பிடிப்பது டெரியர் வகை நாயின் தொழில். கவ்வு, ஒரே உதறு, கீழே போடு, அடுத்தது. 1823-இல் லண்டனில் பில்லி என்ற டெரியர் பந்தயக் குழிக்குள் நூறு எலிகளை ஐந்தரை நிமிடத்தில் தீர்த்தது. ஸ்பேனியலின் குலதர்மம் இதற்கு நேர் எதிர்: பிடித்ததைச் சேதமில்லாமல் எசமானிடம் ஒப்படைப்பது. குடோனில் எலி ஒன்று இதன் வாயில் அகப்பட்டால், அதைப் பதமாகக் கவ்விக்கொண்டு போய், கணக்கு எழுதுகிறவரின் மேசைக்குக் கீழே, உயிரோடு, வாலை ஆட்டிக்கொண்டு வைக்கும். பிறகு நடப்பதற்கு நாய் பொறுப்பில்லை. பெருச்சாளி விஷயம் இன்னும் சுருக்கம். முழு வளர்ச்சி பெற்ற பெருச்சாளி கிட்டத்தட்ட ஒரு கிலோ, கோபக்காரப் பிராணி, அதற்கு இரண்டாம் சார்லஸ் யார் என்று தெரியாது. எலி மூத்திரத்தில் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், ஆளையும் தாக்கும். தடுப்பூசி போடாத நாயை குடோனில் விடக் கூடாது. வயலெலிக்கு இருளர்களின் கை இருக்கிறது: வளையின் வாய் எத்தனை என்று பார்த்தே சொல்லி, ஒரு வாயில் புகையூதி, மறு வாயில் எலியையும், உள்ளே அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பவர்கள் அவர்கள். அந்த இடத்தில் கேவலியருக்கு வேலை காலியில்லை. மில்லுக்குப் பூனை போதும்.

தறிப் பக்கம் இந்த நாயை விடலாமா என்பதும் பார்க்க வேண்டியது. வீதியில் விடியற்காலையில் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி இழை சரிசெய்துகொண்டிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஒரு பிராணி இடம் வலமாக வளைந்தோடும் பயிற்சியை அதன் அடியில் நடத்தினால் ஒரு சேலை அல்ல, ஒரு பாவே போய்விடும். ஆயிரக்கணக்கான இழைகள், அறுந்ததை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போட வேண்டும். நாயின் மேல் கோபப்படவும் முடியாது. அந்தக் கண்ணைப் பார்த்துத் திட்டியவர் இல்லை. ஆனால் வீட்டுக்குள், குழித்தறியில் நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் பள்ளத்தின் ஓரத்தில், கேவலியர் மணிக்கணக்காக அசையாமல் படுத்துக் கிடக்கும். கால் சூடாக இருக்கும். கேயஸ் சொன்ன ஒத்தடம், இடம் மாறி.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நகைச்சுவைக்கு இடம் குறைவு. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருக்கிய இனம் என்பதால் இதயத்தின் இடப்பக்க வால்வு நோய் இதற்குப் பரம்பரைச் சொத்து. ஐந்து வயதில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கு இதயத்தில் முணுமுணுப்பு கேட்கும். பத்து வயதுக்குள் பெரும்பாலானவற்றுக்கு. மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறியதாக இருப்பதால் தண்டுவடத்தில் நீர் கோக்கும் நோயும் பலவற்றுக்கு உண்டு. அந்த நாய்கள் நடக்கும்போதே கழுத்துப் பக்கம் காற்றில் சொறிந்துகொள்ளும். வேடிக்கைப் பழக்கம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், அது வலி. இந்த நோய்களைக் காரணமாகக் காட்டி 2022-இல் ஓஸ்லோ நீதிமன்றம் நார்வேயில் இந்த இனத்தைப் பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. குளிர் நாட்டிலேயே இந்த நிலை என்றால், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் களம்பூர்க் கத்திரி வெயிலில் முடிப் போர்வையோடும் இளைத்த வால்வோடும் நாள் முழுவதும் புதர் தேடச் சொல்வது வேட்டை இல்லை, கொடுமை.

எனவே தீர்ப்பு பாகம் பாகமாகத்தான் அமையும். மோப்பத்தில் கேவலியர் தேறுகிறது. புதரில் புகுந்து பறவையை எழுப்புவதிலும் தேறுகிறது. குட்டியிலிருந்தே பொறுமையாகப் பழக்கி, குளிர்ந்த தேசத்தில், குட்டைப் புல்லில், காடை அளவுப் பறவைக்கு இதை அழைத்துப் போகிறவர்கள் உண்டு, நாயும் சந்தோஷமாகப் போகிறது. தூக்கி வருவதில் காடை வரை சரி. முழு முயல் என்றால் நாயைத் தூக்கி வர ஆள் வேண்டும். ஓட்டம், துணிச்சல், வெயில், முள் நான்கிலும் தவறுகிறது. களம்பூரில், துப்பாக்கியும் சட்டமும் தட்பவெப்பமும் சேர்ந்து பார்த்தால், நல்ல வேட்டைநாய் ஆகாது. காவலுக்கும் ஆகாது. வந்தவர் யாராக இருந்தாலும் வாசலுக்கு ஓடி வரவேற்கும் வேலைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆரணிச் சேலைக் கடைகளில் இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள், குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் தாய் தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை நடந்ததா என்று சான்றோடு கேளுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் கேட்க மாட்டீர்கள். எலிக்காய்ச்சலுக்கும் வெறிநோய்க்கும் ஊசி தவறாமல் போடுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் மட்டும் நடத்திக் கூட்டிப்போங்கள். வயல் பக்கம் போனால் கழுத்துக் கயிற்றைக் கழற்றாதீர்கள்: எதிரில் மயில் நின்றால் குற்றவாளி நாய் அல்ல, கயிற்றைக் கழற்றியவர்.